ஒரு ரிங்குக்கு வந்த படகு

வாய்மூடி இருந்தது போதும். பதக்க விழா மேடையில் எனக்கு நாற்காலி இல்லை. ஆகவே என் உரையைத் தொலைத்தொடர்பு மன்றச் செயலரே வாசிக்கட்டும்.

அவைத் தலைவர் அவர்களே! அலைவரிசைகளை ஆண்ட மூத்தோரே! வெள்ளத்திலும் அடுப்பணையாமல் காத்த தாய்மார்களே! பதக்கத்துக்கென்றே புதுக் கோட்டு தைத்து வந்திருக்கும் இயக்குநர் ராதிவோயே அவர்களே! வணக்கம்.

வலையமைப்பு என்பது எது? கம்பியா? கோபுரமா? கணினியா? இருப்பதோ கொஞ்சம், கேட்பவரோ கோடி. அங்கே யாருக்கு முதலில் என்று தேர்ந்து தரும் நெஞ்சமே வலையமைப்பு! அந்த நெஞ்சம் பொறியாளர் டெசாங்காவுக்கு இருந்தது.

லுகோவோ மக்களை அறிவீர்கள். வீடு சேர்ந்தால் ஒரு மிஸ்டு கால், காபி கொதித்தால் இன்னொன்று. எடுத்துப் பேசினால் திட்டு விழும். பின்வரிசையில் சிரிக்கிறீர்களே, நீங்களும் அந்த ஊர்தானே? பேசிய அழைப்பை மட்டும் எண்ணிய இயக்குநரின் திட்டம், இங்கே எவரும் பேசுவதில்லை என்று முடிவுகட்டி, அவ்வூரின் தொலைபேசித் தடங்களைத் தலைநகருக்கு வாரிக் கொடுத்தது. மன்றம் கைதட்டியது. மறுத்தவர் டெசாங்கா ஒருவரே.

திமோக் ஆறு கரை உடைத்தது. லுகோவோ கூரையேறி நின்றது. எஞ்சிய தடங்களில் குரல்கள் முட்டி மோதி மடிந்தன. டெசாங்கா வானொலியில் சொன்னார்: "யாரும் பேசாதீங்க. இந்த நம்பருக்கு ஒரு ரிங் விட்டுட்டு வச்சிருங்க. நம்பரைப் பார்த்தா வீடு தெரியும், படகு வரும்."

பேச்சுக்குத்தான் தடம் வேண்டும், மணியடிக்க வேண்டாம்! படகுக்காரர்கள் பேசுவதற்கோ, தலைநகரின் தடங்களையே திருப்பிவிட்டார்.

இயக்குநர் தொலைபேசியில் கொதித்தார். "ஏம்மா, அமைச்சர் பேசிட்டிருக்கும்போதே அறுத்துட்டியா?"

"அமைச்சர் திரும்பக் கூப்பிட்டுக்குவாரு சார். கூரைமேல நிக்கிறவங்களால முடியாது."

"உன் வேலை போயிரும்!"

"போகட்டும் சார். போனை வைங்க, நீங்க பிடிச்சிருக்கிறதும் ஒரு தடம்தான்."

வைத்தார். படகுகள் சென்றன. ஓர் உயிரும் போகவில்லை! கரையேறிய ஸ்தானா அம்மாள், பிளம் சாராயத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு ரிங்கு விட்டேன், படகே வந்துருச்சு! என் புருஷனுக்கு வருஷம் முழுக்க விட்டிருக்கேன், அந்த மனுஷன் தின்னுறதைப் போட்டுட்டு எந்திரிச்சதில்ல."

டெசாங்காவுக்குக் கிடைத்தது பண்டகசாலை மாற்றல். வெள்ள மீட்புக்கான பதக்கமோ இன்று இயக்குநர் மார்பில்! அதை அவிழ்த்து அவருக்கு அனுப்புங்கள், அவையோரே! அறிவு பகிர்ந்தது, அன்பு பகிர்ந்தது, ஆகவே ஊர் பிழைத்தது என்று உரக்கச் சொல்லுங்கள்!

செவிகொடுத்தமைக்கு நன்றி, டெசாங்கா வாழ்க.

கையொப்பமிட்டால், இயக்குநரோடு எனக்குள்ள பழைய பகையைத்தான் இதில் படிப்பீர்கள். பெயரெழுதாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன். இதில் டெசாங்காவின் பெயர் மட்டும் ஒலிக்கட்டும்.