தூருக்குத் தூரு சுண்ணாம்பு

சில வருடங்களுக்கு முன் ஒரு காலை, ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பஸ்ஸில் ஜன்னலில் சாய்ந்து தூங்கப் பார்த்தேன். பின்சீட்டுப் பெண் விடவில்லை.

“ஊர்ச்சனத்தோட நல்ல மனசுதானுங்க அக்கா எங்க செடியக் கொன்னுருச்சு.”

“எந்தச் செடி கண்ணு?” என்றாள் பக்கத்திலிருந்த மூத்தவள்.

“காப்பியப் புடுங்கிட்டு எங்க ஊட்டுக்காரரு வெச்சாரே, ப்ளூபெர்ரி, கருநீலமா குட்டிக்குட்டியாக் காய்க்கற சீமைப்பழம். நம்ம சூட்டுக்கும் காய்க்கற ரகம்னு ஆசையா வாங்கியாந்தாரு. அதுக்குப் புளிப்பு மண்ணுதான் ஆகுமாம். சுண்ணாம்பு ஆகவே ஆகாதாமுங்க.”

“அய்யோ.”

“அவரு ஆஸ்பத்திரில படுத்ததும் நானும் கூடவே போயிட்டனுங்க. தோட்டம் வீணாப் போகுதேன்னு எங்கூரு மஞ்சக்குட்டைக்காரங்க கூடிவந்து, காப்பிக்குப் போடறாப்புல தூருக்குத் தூரு சுண்ணாம்பு போட்டுட்டாங்க. எல வெளுத்து, அத்தனையும் காஞ்சு போச்சு.”

“அவருகிட்டச் சொன்னயா?”

“டாக்டரே கைய விரிச்சுட்டாரு. எப்படீங்க சொல்றது? பூத்துருச்சுன்னேன். காய்ச்சுருச்சுன்னேன். ஒரு பழமாச்சும் கொண்டான்னு நேத்து கேட்டுப்புட்டாரு.”

தூக்குப்போசி மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“இது களாப்பழமாச்சே? மலையில பொறந்தவருக்குத் தெரியாதா கண்ணு?”

“தெரியுமுங்க அக்கா. தெரிஞ்சாலும் சொல்லமாட்டாரு.”