ஹாம்பர்குக்குப் போகாத டிரம்மர்

மழைக்காலத்தில் பாண்டுங்கில் டபுள் பேஸ் சுருதியில் நிற்காது, ஐயா. தந்தி தளர்ந்துகொண்டே இருக்கும். வாசிப்பவன் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். என் பிழைப்பே அதுதான். ஆகவே நான் பொறுமைசாலி என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

யோஹென் லூடர்ஸ் ஹாம்பர்க்காரர். ஜாஸ் டிரம்மர், இசையும் எழுதுவார். எங்கள் ஹோட்டலில் ஒரு மாதம் வாசிக்க வந்தவர், ஊர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார். காங் யோஹென் என்று கூப்பிடுவோம். அண்ணன் என்று அர்த்தம். பொரித்த மீன் உருண்டையில் மிளகாய் விழுதைக் கொட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "அழுகை இல்லடா யாயத், வேர்வை" என்று என்னிடம் சொல்வார். அவர் எழுதியதை வாசிக்க எங்கள் குழுவை விட்டால் ஆள் கிடையாது. கேட்கவும் ஆள் குறைவுதான்.

போன வருடக் கடைசியில் ஹாம்பர்கிலிருந்து ஹோட்டலுக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். ஓர் இசைவிழாக்காரர். யோஹெனின் இசையை அவர் பிறந்த ஊரில், பெரிய மேடையில் வாசிக்க வேண்டுமாம். அவர் மட்டும் வந்தால் போதுமாம். கூட வாசிக்க அங்கேயே ஆட்கள் இருக்கிறார்களாம்.

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், பாருங்கள்.

அவர் இறந்துவிட்டார் என்றேன். ஊரில் இல்லை என்று சொன்னால் மறுபடி கூப்பிடுவார்கள்.

மறுநாள் காங்கின் அக்கா குட்ரூன் கூப்பிட்டு அழுதார். "அவனுக்கு ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார்.

காங் கற்றுத்தந்த ஜெர்மனில் பதில் சொன்னேன். "இல்லம்மா. ஒரு பாட்டு முடியற மாதிரி போயிட்டாரு."

அந்த வாக்கியம் எனக்கு நன்றாக வந்தது.

ஒரு சிக்கல். புத்தாண்டுக்குக் காங் அக்காவுக்குப் போன் செய்வது வழக்கம். செத்த தம்பி போனில் வாழ்த்துச் சொன்னால் அந்த அம்மாளின் இதயம் தாங்குமா? இரக்கப்பட்டு, அக்கா காலமாகிவிட்டதாகக் காங்கிடம் சொன்னேன்.

"நான் போகணும்டா" என்றார்.

"அடக்கம் முடிஞ்சுருச்சாம் காங். இப்ப போய் என்ன பண்ணப் போறீங்க?"

டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். பிறகு அக்காவுக்காக ஓர் இசை எழுதினார். அதை வாசித்த அன்றுதான் எங்கள் ஹோட்டலில் முதன்முறையாக விருந்தாளிகள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். பரிமாறுகிற எயிஸ் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜகார்த்தாவிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. அப்படியொரு பெயர் எங்கள் குழுவுக்கு அதற்குமுன் கிடைத்ததில்லை. அதுவும் ஒரு சாவுகூட நிகழாமல்.

போன சனிக்கிழமை முன்வரிசை மேசையில் ஒரு ஜெர்மன் அம்மாள் மலர்வளையத்தோடு வந்து உட்கார்ந்தார். தம்பி கடைசியாக வாசித்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கல்லறைக்குப் போகலாம் என்று வந்தாராம். வருவதாக எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

காங் தலை குனிந்தபடி தன் பாஷையில் சொன்னார்: "இது செத்துப்போன எங்க அக்காவுக்கு."

"எந்த அக்காடா?" என்று குரல் வந்தது. "உனக்கு நான் ஒருத்திதானே!"

காங் நிமிர்ந்தார். குச்சி நழுவி விழுந்தது. "நீ செத்துட்டியே" என்றார்.

"நீதான்டா செத்த! இரங்கல் கூட்டத்துல நான் பேசிட்டுல்ல வந்திருக்கேன். டிரம்ஸ் சுமார்தான், இசை நல்லா எழுதுவான்னு எல்லாரும் சொன்னாங்க."

"சுமாரா? எவன் சொன்னான்?"

பிறகு இருவரும் சேர்ந்தாற்போல் என் பக்கம் திரும்பினார்கள். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். பாட்டைப் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

ஆமாம் ஐயா, அந்த அம்மாளின் புகாரில் உள்ளது அத்தனையும் உண்மை. இரண்டு பேரையும் சாகடித்தது நான்தான். நாளை அவர்கள் சேர்ந்து ஹாம்பர்க் புறப்படுகிறார்களாம். காங் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில்தான் இருக்கிறார். உள்ளே வரும்போது தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டு, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசுக்குள் புதிதாக ஏதோ இசை ஓடுகிறது போல.