அசையாத சரக்கு

— பால் காய்ச்சிட்டேன். செடிக்குத் தண்ணி ஊத்திட்டேன். நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டாச்சு. வேற என்ன, சிந்து?

— வெற்றி, கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுப்பா. அம்மோனியா மாஸ்க்குக்கு மாத்து பில்டர் எங்க?

— காலங்காத்தால போன்லயும் ஸ்டோர் பேச்சா? யாரு பேசறது, பொண்டாட்டியா, ஷிப்ட் இன்சார்ஜா?

— ஷிப்ட் இன்சார்ஜ்.

— இரு, இரு. இன்னிக்கு முதலாளிகிட்ட நான் காட்டப்போறதே அதான். ஸ்டோர்ல முடங்கிக் கெடந்த பணத்துல பாதிய வெளிய கொண்டாந்துட்டேன். போட்ட முதலுக்கு வருமானம் பதினோரு பர்சென்ட்லேர்ந்து பதினாலு!

— பில்டர் எங்கப்பா?

— மூணு வருஷமா ஒருத்தரும் எடுக்கல. ஸ்டோர் கணக்குல அசையாத சரக்குன்னு வந்துச்சு, சப்ளையருக்கே திருப்பி அனுப்பிட்டேன். வேணும்னா மெட்ராஸ்லேர்ந்து ரெண்டு நாள்ல வந்துடும்.

— அது அசையாம கெடந்தாதாம்ப்பா நாம நல்லா இருக்கோம்.

— ஏன், என்னாச்சு?

— இறால உறைய வைக்கிற கம்ப்ரசர் ரூம்ல அம்மோனியா கேஸ் லீக்கு. கண்ணு எரியுது.

— ஐயோ. இறால் உரிக்கிற பொண்ணுங்க?

— காத்து வர்ற பக்கமா, கேட்டாண்ட நிறுத்திட்டேன். பயர் சர்வீசுக்கும் சொல்லியாச்சு.

— அப்ப நீயும் கேட்டுக்குப் போ. பில்டர் எதுக்கு?

— ஒண்ணுகூடவா வைக்கல நீ?

— ஒண்ணு வச்சிருக்கேன். மாஸ்க்லயே மாட்டியிருக்கும். ஒரு ஆளுக்கு ஒண்ணு போதும்னு...

— ரெண்டு பேராதானே உள்ள போவணும்? ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தர் இழுத்தாரணும். நம்ம ரூல் தெரியாதா உனக்கு?

— தெரியல. நான் கணக்க மட்டுந்தான் பாத்தேன்.

— கம்ப்ரசர் ஓட்டுற புருஷோத்தமன் அண்ணன் வால்வை மூடப் போனாரு. பில்டர் இருந்த அந்த ஒத்த மாஸ்க்க மாட்டிக்கிட்டு. தனியா.

— போயி?

— கூப்பிட்டா சத்தத்தையே காணோம்.

— சிந்து, இதோ வண்டிய எடுத்துட்டேன். மரப்பாலம் தாண்டினா தேங்காய்த்திட்டு, நம்ம கம்பெனிதான். என் மேல சத்தியம், உள்ள மட்டும் போவாத.

— கத்தாதப்பா.

— தண்ணி சத்தம் கேக்குதே. என்னாடி பண்ற?

— துப்பட்டாவ நனைக்கிறேன்.

— வேணாண்டி! அது தாங்காது! நான் வர்ற வரைக்கும் இரு! சிந்து!

— அவரு காலு தெரியுது. எட்டிப் புடிக்கிற தூரந்தாம்ப்பா.