கல்லுக்குள் இருமுகிறவன்

நாளை இந்த நினைவுக் கல்லைப் பெயர்க்கும் ஆணையில் கையொப்பமிடவிருக்கும், அவைத்தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே! களத்தில் காலிழந்தும் கம்பீரம் இழக்காத என் தோழர்களே! பிள்ளையை அனுப்பிவைத்து, அவன் இரும்புப் பெட்டியை மட்டும் திரும்பப் பெற்ற தாய்மார்களே! வணங்குகிறேன்.

வீரனுக்கு நன்றி சொல்லும் விதம் நாட்டுக்கு நாடு வேறு. ஒரு நாட்டில் சிவப்புப் பூவைச் சட்டையில் குத்திக்கொள்கிறார்கள். இன்னொரு நாட்டில் சங்கு ஊதினால் ஓடுகிற பேருந்தும் நிற்கிறது. ஓட்டுநர் இறங்கித் தலைகுனிகிறார். வேறொரு நாட்டில் அணையா நெருப்பு எரிகிறது. நாம் என்ன செய்தோம்? முகம் தெரியாத ஒருவனை, இதோ, இந்த மேடைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்து, பெயர் எழுதாத கல்லால் மூடினோம்.

இன்று ஆய்வுக்கூடத்தார் சொல்கிறார்கள்: ஓர் எலும்பு போதும், யார் பிள்ளை என்று சொல்லிவிடுவோம். நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். வெள்ளிக்கிழமை வரை நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பட்டப்பகலில், மகன் காணாமற்போன இரண்டு தாய்மார் கல்லில் காதை வைத்துப் படுத்திருந்தார்கள்.

"என்னம்மா பண்றீங்க?"

"சும்மா இரு தம்பி, இருமுறான். மழைக்காலம் வந்தாலே அவனுக்கு நெஞ்சுச் சளி," என்றார் தையற்காரம்மா.

ரொட்டிக்கடை அம்மா விடுவாரா? "இருமலா? போங்கக்கா, சீட்டியில்ல அடிக்கிறான்! என் புள்ளதான்."

சிரிக்காதீர்கள் பின்வரிசை நண்பர்களே! நானும் சிரித்தவன்தான். சிரித்தபடியே குனிந்து காதை வைத்தேன். உச்சிவெயிலில் கல் ஐஸாகக் குளிர்ந்தது. உள்ளே ஒருவன் கேட்டான்: "டேய் நெட்டை, தூங்கிட்டியா?"

முகாமில் காவல் மாற வரும்போதெல்லாம் என் நண்பன் என்னிடம் கேட்கும் கேள்வி அது! அவன் உடலும் கிடைக்கவில்லை.

கல்லைத் திறந்தால் ஒரு தாய்க்கு மகன் கிடைப்பான். மற்ற தாய்க்கு? இருமியவன் எங்கே போவான்? சீட்டியடித்தவன் எங்கே போவான்? அந்த நொடியே அவர்கள் மறுபடியும் சாவார்கள்!

தலைவர் அவர்களே, உங்கள் தம்பியும் திரும்பவில்லை என்பது ஊரறியும். கையொப்பமிடும் முன் ஒரே ஒரு முறை... என்ன, எழுந்தே விட்டீர்களா? வழிவிடுங்கள்! யாரும் பேசாதீர்கள்.

குனிகிறார். காதை வைக்கிறார்.

கேட்கிறதா உங்களுக்கு? "அம்மா நல்லாத்தான்டா இருக்காங்க," என்கிறார் கல்லிடம்.

அந்த ஆணையை இனி யாரும் அவரிடம் நீட்ட வேண்டாம். இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கும், உள்ளிருந்து செவிகொடுத்த அவனுக்கும் நன்றி, வணக்கம்.