அவர் கைக்கு மட்டும் கிளம்புற வேன்

...சரி, கொஞ்சம் மூச்சு விட்டுக்குங்க. நம்ம சங்கத்துக் கூட்டத்துக்கு நடுவுல ஒரு சின்னக் கதை சொல்றேன். இந்த ஜில்லாவுல நடந்ததுதான், கேளுங்க.

ஒட்டன்சத்திரம் பக்கத்துல நல்லமுத்துன்னு ஒருத்தர். தோட்டத்துத் தக்காளியை மார்க்கெட்டுக்கு ஏத்திட்டுப் போக ஒரு பழைய வேன் வச்சிருந்தாரு. அதுல சாவி போட்டுத் திருப்புற சுவிட்ச் இருக்கு பாருங்க... அது தேஞ்சு போச்சு. யாரு சாவி போட்டாலும் வண்டி கிளம்பாது. நல்லமுத்து போட்டா மட்டும் கிளம்பும்.

மெக்கானிக் சொல்றாரு: "அண்ணே, அரை மணி நேர வேலை. புது சுவிட்ச் போட்டுரலாம்ணே."

இவரு என்ன சொன்னாரு? "எதுக்குப்பா? திருடன் வந்தாக்கூட எடுக்க முடியாதுல்ல. என் கைக்கு மட்டும்தான் அது கட்டுப்படும்."

பெருமை! வருசா வருசம் ஆயுத பூஜைக்கு அந்த சுவிட்சுக்குச் சந்தனம் வச்சாரு, குங்குமம் வச்சாரு... மாத்த மட்டும் மாட்டேன்னுட்டாரு. அவரு சம்சாரம் தேனம்மாளுக்கு வண்டி ஓட்டத் தெரியும், லைசென்ஸும் இருக்கு. ஆனா சாவியைத் தொட விட மாட்டாரு. "உனக்கு வராது புள்ள, விடு."

ஒருநாள் காலையில, ஏழு மணி இருக்கும். வேன் பக்கத்துல கிடந்த படுதாவை இழுக்கிறாரு. உள்ள கண்ணாடி விரியன். போட்டுருச்சு ஒரு போடு. எந்தக் கையில? சாவி திருப்புற அதே வலது கையில.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டா, "வேற கேஸுக்குப் போயிருக்கு, வர முக்கால் மணி நேரம் ஆகும்"ங்கிறாங்க. கை வீங்கிட்டே போகுது. தேனம்மா அவரைச் சீட்ல உக்கார வச்சு, கையை அசையாம வச்சுட்டு, ஸ்டியரிங் முன்னாடி ஏறிட்டா.

"ஏங்க, எப்படித் திருப்பணும்? சொல்லுங்க."

அவரு யோசிக்கிறாரு... யோசிக்கிறாரு... "எனக்கே தெரியல புள்ள. கைதான் செய்யும், நான் பாத்ததே இல்ல."

கேட்டீங்களா? ஆறு வருசமா செஞ்ச வேலை, அவருக்கே சொல்லத் தெரியல. வேர்த்துக் கொட்டுது. "நான் பண்ணின தப்பு, நானே அனுபவிக்கிறேன்"னு அழுவுறாரு.

தேனம்மா சொல்றா: "பேசாம இருங்க. சாவியை முழுசா உள்ள தள்ளுவீங்க... ஒரு நெல்லளவு வெளிய இழுப்பீங்க... மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே திருப்புவீங்க. அப்பக் கீழ் உதட்டைக் கடிப்பீங்க."

மொத தடவை கிளம்பல. ரெண்டாவது தடவை கிளம்பல. மூணாவது தடவை அவளும் உதட்டைக் கடிச்சுக்கிட்டுத் திருப்புனா... கிளம்பிருச்சு!

ஆறு வருசமா பக்கத்து சீட்ல அவ சும்மாவா உக்காந்திருந்தா? எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தா. மருந்து ஏறுச்சு. ஆளு பொழைச்சுக்கிட்டாரு.

பத்து நாள் கழிச்சு வீட்டுக்கு வந்து, வழக்கம்போல சாவியை உள்ள தள்ளி, நெல்லளவு இழுத்து, உதட்டைக் கடிக்கிறாரு. தேனம்மா சொல்றா: "அதெல்லாம் வேண்டாங்க. சும்மா திருப்புங்க." புது சுவிட்ச்! ரெண்டு சாவி. ஒண்ணு அவ பர்ஸ்ல. திருப்புனதும் கிளம்பிருச்சு. மொதல்ல அவருக்குக் கொஞ்சம் ஏமாத்தமா இருந்துச்சாம். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னாராம்: "அப்பாடா... இனிமே நான் காய்ச்சல்ல படுக்கலாம்."

ஐயா, அம்மா, சங்கத்துப் பொறுப்புல இருக்கிறவங்களே... "நான் இல்லைன்னா இங்க ஒண்ணும் ஓடாது"ன்னு மார் தட்டுறோமே, அது பெருமையா? அது ரிப்பேரு! பீரோ சாவி எங்க, பத்திரம் எங்க, எந்த மாத்திரை எந்த வேளைக்கு... உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா உங்க வீடும் அந்தப் பழைய வேன்தான். நாளைக்கு உங்க கை வீங்கினா என்ன பண்ணுவீங்க? இன்னைக்கே ஒருத்தர்கிட்ட சொல்லிக் குடுங்க. பாரம் இறங்கும். தூக்கம் வரும்.

நம்பிக்கை இல்லையா? அதோ, மூணாவது வரிசையில உக்காந்திருக்காரே, அவருதான் நல்லமுத்து. வண்டி ஓட்டிட்டு வந்தது யாருன்னு கேளுங்க. அவரு வழி நெடுகத் தூங்கிக்கிட்டே வந்தாராம்.