நூலில் கட்டிய தக்காளிகள்

அவைக்குத் தலைமை ஏற்று, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் அம்மையார் அவர்களே! கத்தரியையும் வெண்டையையும் கண்ணின் மணியாய்க் காத்து வளர்க்கும் பெரியோர்களே! காய் கழுவிய நீரையும் கீழே கொட்டாமல் கொடிக்கு வார்க்கும் அன்னையரே! கூட்டம் முடிந்ததும் பழச்சாறு உண்டு என்ற நம்பிக்கையில் பொறுமையோடு அமர்ந்திருக்கும் பின்வரிசை நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தையல்காரனின் தாழ்மையான வணக்கம்.

நோயற்ற தக்காளியை நம் வீட்டிலேயே வளர்ப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நம் வீட்டுத்தோட்டச் சங்கத்திலே எத்தனையோ கெட்டிக்காரர்கள் இருக்க, என்னை ஏன் அழைத்தார்கள்? பரிசு வாங்கியவனா நான்? இல்லை. படித்துப் பட்டம் பெற்றவனா? இல்லவே இல்லை. ஒரு தக்காளிச் செடியை எத்தனை விதமாகக் கொல்லலாம் என்று முற்றும் கற்றவன் இந்தத் தெருவிலே நான் ஒருவன்தான்! கைதட்டாதீர்கள் ஐயா, உங்கள் வீட்டுச் செடியையும் நான் பார்த்திருக்கிறேன்.

என் ஒரே மகள், தன்னோடு வேலை பார்க்கும் ஒரு நல்ல பையனை விரும்பினாள். பையனின் தாயார் மருத்துவமனையிலே தலைமை நர்ஸ். அந்த அம்மாள் முதல்முறை தொலைபேசியில் பேசியபோது, பெண்ணைப் பெற்றவன் என்ற பெருமையிலே என் வாய் சும்மா இருந்ததா? "எங்க வீட்டுல தக்காளி வாங்குற பழக்கமே இல்லீங்க. பின்பக்கம் போனா பறிச்சுக்க வேண்டியதுதான்!" என்றேன்.

"அப்படியா? அப்ப ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறோம்" என்றார் அந்த அம்மாள்.

அன்பர்களே! என் வீட்டோடு சேர்ந்த தையல் கடைக்குப் பின்னால் ஆறு செடிகள் இருந்தது உண்மை. ஆனால் அவற்றை நான் வளர்த்த விதம் இருக்கிறதே! காலையில் ஒரு வாளி, கடையில் ஆள் இல்லாவிட்டால் ஒரு வாளி, மாலையில் மனம் கேட்காமல் மறுபடி ஒரு வாளி! கைப்பிடி போதும் என்ற உரத்தைக் கூடைகூடையாகக் கொட்டினேன். சும்மா இருந்தேனா? கழுத்திலே கிடந்த டேப்பை எடுத்து, உயரம் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று தினம் அளவெடுத்தேன்! செடி என்ன செய்தது? வளர்ந்தது ஐயா, வளர்ந்தது! ஜன்னலை மறைத்தது, சுவரைத் தாண்டியது. தழை இருந்தது, தண்டு இருந்தது, தக்காளி மட்டும் இல்லை!

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. நான் என்ன செய்தேன்? சொல்ல வெட்கமாக இருக்கிறது. காய்கறிக் கடைக்கு ஓடினேன். நன்கு பழுத்ததாக நான்கு தக்காளி வாங்கினேன். பச்சை நூலை எடுத்தேன். இருபத்தைந்து வருடத் தொழில் அனுபவத்தையும் திரட்டி, முடிச்சு வெளியே தெரியாமல், நான்கையும் செடியிலே கட்டித் தொங்கவிட்டேன்!

அவர்கள் வந்தார்கள். அந்த அம்மாள் நேரே பின்பக்கம் போனார். ஒரு பழத்தைத் தொட்டார். திருப்பினார். மெல்ல இழுத்தார். பழத்தோடு ஒரு முழம் நூலும் வந்தது!

என் மனைவி வானத்தைப் பார்த்தாள். என் மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"தையல் நல்லா இருக்கு டெய்லர் சார்" என்றார் அந்த அம்மாள். பிறகு மண்ணிலே விரலை விட்டார், அடியிலே தொங்கிய மஞ்சள் இலையைப் புரட்டினார். "நோயாளிக்கு மூச்சு முட்டுது. வெயில் படல, காத்து போகல, கால் ரெண்டும் தண்ணிக்குள்ள நிக்குது. அன்பு காட்டுறேன்னு நெனச்சு மூழ்கடிச்சிருக்கீங்க."

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

"மன்னிப்பு இருக்கட்டும். பொய் சொல்ற வீட்டுல எப்படிங்க சம்பந்தம் பண்றது? ஒரு மூணு மாசம் போகட்டும். இந்த மண்ணுல நெசமா ஒரே ஒரு பழம் பழுக்க வையுங்க. அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசலாம்."

பார்த்தீர்களா? ஒரு பெண்ணின் வாழ்வு ஒரு பழத்திலே வந்து நின்றது! அன்று மாலையே என் மகள் வாளியைத் தூக்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "அப்பா, நீங்க கேட்டா தரமாட்டேன். செடி கேட்டாத்தான் தருவேன்" என்றாள்.

அந்த மூன்று மாதத்திலே நான் கற்றதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டு, புதுக் கன்றுகளைச் சுவர் நிழல் விழாத வெயிலிலே நட்டேன். தினம் காலையிலே விரலை மண்ணில் விட்டு, ஈரம் இல்லை என்றால் மட்டும், இலை நனையாமல், அடியிலே ஊற்றினேன். வேரைச் சுற்றிக் காய்ந்த சருகைப் பரப்பினேன். குச்சி நட்டு, கடையிலே மிஞ்சிய மெல்லிய துணிக்கரையால் தண்டைத் தளர்த்தியாகக் கட்டினேன். நூல் கூடாது தாய்மார்களே, நூல் தண்டை அறுக்கும். என் மானத்தை அறுத்ததும் அதுதான்! மண்ணைத் தொடும் இலைகளைக் கிள்ளினேன். இலைக்கும் தண்டுக்கும் நடுவே முளைக்கும் பக்கத் துளிரையும் கிள்ளச் சொன்னார்கள். ஊரார் துணியை எல்லாம் கைகூசாமல் வெட்டுகிறவன், அந்தத் துளிர்மேல் கை வைக்கக் கலங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு கிள்ளினேன். பூத்தது! மகரந்தம் உதிரப் பூவை விரலால் சுண்டினேன். காய்த்தது! பச்சை வெளுத்தது, வெளுப்பு சிவந்தது, சிவப்பு செக்கச்செவேலென்று சிரித்தது! மற்றவை காயாய் நிற்க, குறித்த நாளுக்குள் பழுத்தது அந்த ஒன்றே ஒன்றுதான்.

கெடு முடியும் நாள். காலையில் போய்ப் பார்க்கிறேன். பழம் இருக்கிறது, பாதி இல்லை! ஏதோ ஒரு பறவை கொத்திவிட்டுப் போயிருந்தது!

என்ன செய்வேன்? காய்கறிக் கடை தெருமுனையில்தான். நூல்கண்டு சட்டைப்பையில்தான். கை பைக்குள் போய்விட்டது, உங்களிடம் மறைக்கவில்லை. திரும்பினால், வாசற்படியில் என் மகள். அந்த நூல்கண்டை எடுத்து அவள் கையிலே கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அவர்கள் வந்தார்கள். "இதுதாங்க பழுத்தது. பாதியப் பறவை தின்னுடுச்சு. வேற இல்லீங்க" என்றேன்.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். காம்பை இழுத்துப் பார்த்தார். செடிதான் அசைந்தது.

"இப்படிக் கொத்துன பழத்த எந்தக் கடையிலயும் விக்க மாட்டான்" என்றார். பறித்தார், கத்தி கேட்டார், கொத்துப்பட்ட பக்கத்தை வெட்டி எறிந்தார். மிஞ்சியதை இரண்டாக்கி, ஒன்றை என் மகளின் கையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் நின்னுட்டே இருக்கீங்க சம்பந்தி? போய்க் கொஞ்சம் உப்புக் கொண்டாங்க" என்றார்.

சம்பந்தி! டெய்லர் சார் இல்லை ஐயா, சம்பந்தி! உப்பெடுக்கப் போனவன் சமையலறையிலே நின்று அழுதேன்.

அந்த அம்மாள் யார் என்று கேட்கிறீர்களா? அதோ, தலைமை நாற்காலியிலே அமர்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு மணியில் கை வைத்திருக்கிறாரே, அவர்தான்!

அன்பர்களே! பரிசுக்காகவும் பார்ப்பவர்களுக்காகவும் பழத்தைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். பாதிப் பழமானாலும் உங்கள் செடியில் பழுத்ததைக் காட்டுங்கள். உங்கள் செடியில் பழுத்தது என்று நிமிர்ந்து நின்று சொல்லுங்கள்!

இதோ, சம்பந்தியம்மா மணி அடித்துவிட்டார்கள். ஊற்றுவதை எப்போது நிறுத்துவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்; ஆகவே நிறுத்திக்கொள்கிறேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், வாளியை இன்னும் பூட்டியே வைத்திருக்கும் என் மகளுக்கும், பாதிப் பழத்தைத் தின்ற அந்தப் பறவைக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. வணக்கம்!