ஆட்டுக்குள்ளே போன பூவரசு

எனக்குக் கோர்வையா எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கணும். செய்யூர் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் தன் பொண்ணோட டீச்சரிடம் பேசிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், நீங்க பொண்ணாண்ட குடுத்த பூவரசங்கன்ன எங்க ஆடு துன்னுடுச்சு. அந்த ஆட்ட ஆடிக்கு அம்மனுக்கு நேந்து வுட்டுகிறோம். இப்ப வெட்டக்கூடாதுன்னு பொண்ணு அழுவுது."

"ஏன் அண்ணா?"

"கன்னு ஆட்டுக்குள்ள கீதாம். ஆட்ட வெட்டினா மரத்த வெட்டினா மாரியாம். தெனம் ஆட்டு மேல தண்ணி ஊத்திகினு கீது."

"உணவுச் சங்கிலி நடத்தினேன். நல்லா புரிஞ்சிக்கிட்டிருக்கா."

"இன்னா டீச்சர், ஞாயித்துக்கிழம சொந்தக்காரங்க வந்துடுவாங்க. தப்புன்னு சொல்லுங்க."

"பரீட்சையில முழு மார்க் போட்டுட்டேனே. அம்மனுக்குக் கோழி குடுத்துடுங்க."

"கோழி உங்க பள்ளிக்கூடத்துக் கீரைத்தோட்டத்தையே துன்னுடுச்சே."



கன்னு பூவரசுதானா, புங்கமான்னு சந்தேகமா இருக்கு. தெரிஞ்சவங்க விசாரிச்சுத் திருத்திடுங்க.